ஊசி கேட்ட அம்மாக்கண்ணு

ஊசிக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை என்று சிங்கள டொக்டரம்மா, அந்த டொக்டர் நோனா, சொன்னதை, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அழகன் மனப்பாடம் செய்துவிட்டான். பெரிய மனிதர் யாராவது அவனிடம் நின்று நிதானமாக நாலு வார்த்தை பேசிவிட்டால் போதும். அதை ஊரெல்லாம் சொல்லி முடிக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் வாயில் எதுவும் தங்காது என்பது தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால்கூட லிந்துலை டவுன் வரைக்கும் செய்தி போய்விடும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. வாய் சும்மா இருந்தால் அவனுக்கு என்னவோ போலிருக்கும், அவ்வளவுதான்.

டவுனில் முஹம்மது முதலாளியின் மரக்கறிக் கடையில் அவன் நாட்டாமை, அதாவது மூட்டை தூக்குகிறவன். லொறிக்காரர்களோடு பேசிப் பேசிச் சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் பெண்சாதி அம்மாக்கண்ணு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவளுக்குச் சிங்களம் ஓரளவு புரியும், திருப்பிப் பேச வராது. ஆகவே டொக்டர் சொன்னதெல்லாம் அழகனின் வாய் வழியாகத்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தது. வழியில் கொஞ்சம் உப்பும் உறைப்பும் கூடியிருக்கலாம். ஆனால் விசயத்தில் பிழையில்லை.

கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு பொறுக்கப் போன இடத்தில் வந்த வினை இது. வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியைத்தான் மிலாறு என்பார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளின் அடுப்புகள் எரிவதெல்லாம் அதில்தான். கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, வெட்டுப்பட்ட செடியின் கூரான நுனி ஒன்று அம்மாக்கண்ணுவின் கணுக்காலுக்கு மேலே குத்தி இறங்கிவிட்டது. இரத்தத்தைத் துடைத்து மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளே மலை ஏறினாள். மழைக்காலம், புண் காயவே இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் கால் வீங்கிச் சிவந்து பளபளவென்று இருந்தது. தொட்டால் அடுப்புக்கல் போலச் சுட்டது. உடம்பும் இலேசாகக் காய்ந்தது. அழகன் முதலாளியிடம் சொல்லிவிட்டு அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

டொக்டர் சின்ன வயசுக்காரி. கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த போதும் பொறுமையாகத்தான் பார்த்தாள். காலை அமுக்கிப் பார்த்தாள், விரல்களை ஆட்டச் சொன்னாள், பேனாவை எடுத்துச் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். தோலுக்குக் கீழே கிருமி இறங்கியிருக்கிறது, மாத்திரை தருகிறேன், குணமாகிவிடும் என்றாள். அப்போதுதான் அம்மாக்கண்ணு அழகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஊசி கேளுங்க," என்றாள்.

அழகன் கேட்டான். டொக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஊசிதான் கேட்கிறார்கள் என்று சிரித்தாள். பிறகு விளக்கினாள். ஊசி வழியாகப் போனாலும் வயிற்று வழியாகப் போனாலும் மருந்து போய்ச் சேருவது ஒரே இரத்தத்தில்தான். ஊசி கொஞ்சம் சீக்கிரம் போகும், மாத்திரை கொஞ்சம் பிந்திப் போகும், போய்ச் சேர்ந்த பிறகு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். விழுங்க முடியாதவர்களுக்கு, வாந்தி எடுக்கிறவர்களுக்கு, கிருமி இரத்தத்தில் ஏறி நினைவு தடுமாறுகிறவர்களுக்கு ஊசி வேண்டும். விழுங்க முடிந்தவளை எதற்கு வாட்டில் படுக்கவைத்து, கையில் குழாய் குத்தி, இன்னொரு புண் உண்டாக்குவது? ஆனால் ஒன்று, ஊசி போட்டால் அது தாதிமாருடைய பொறுப்பு. மாத்திரையென்றால் நோயாளியின் பொறுப்பு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது. காலை உயரத் தூக்கி வைத்து ஓய்வெடுக்க வேண்டும். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே வா, அப்போது ஊசி போடுவோம் என்றாள்.

அழகனுக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பெண்சாதிக்கு அதைத் தன் தொழில் பாஷையில் எடுத்துச் சொன்னான்.

"கரட் மூட்டை லொறியில வந்தா என்ன, கோச்சியில வந்தா என்ன? கடைக்கு வந்து சேந்தா சரிதானே."

லொறி, ரயில் என்ற பேச்சைக் கேட்டு பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னான். அம்மாக்கண்ணு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஊசி கேட்டதற்குக் காரணம் வேறு. அதை அவள் அங்கே சொல்லவில்லை.

தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, கையில் ஊசி போட்ட பிளாஸ்டரோடு ஒருத்தி வந்து நின்றால் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போய்ப் படு என்பார். பெயரும் வெட்டுப்படாது, மறுநாள் கேள்வியும் இருக்காது. மாத்திரைக் கவரைக் காட்டுகிறவளுக்கு அந்த மரியாதை கிடையாது. மாத்திரை உள்ளே போய் அதன் வேலையைப் பார்க்கட்டும், நீ மலைக்குப் போய் உன் வேலையைப் பார் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார். அவர் ஒன்றும் கொடியவர் அல்ல. கொழுந்து கொழிக்கிற காலத்தில் எல்லாக் கண்டாக்கையாக்களும் அப்படித்தான் பேசுவார்கள். மறுநாள் பெரட்டில் அம்மாக்கண்ணுவுக்கும் அதே பேச்சுத்தான் கிடைத்தது. காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்களே என்று அவள் முனகியது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது.

அன்று அந்தியில் அழகன் கடையிலிருந்து வந்தபோது அவள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி போட்டிருந்தா இன்னைக்கு லயத்துல இருந்திருப்பேன்," என்றாள்.

"அப்ப ஒனக்கு மருந்து வேணாம், லீவுதான் வேணும்," என்று அழகன் சிரித்தான்.

அது அவனுக்கே நல்ல பகிடியாகத் தெரிந்தது. மறுநாள் கடையில் முட்டைக்கோவா மூட்டைகளை இறக்கிக்கொண்டே அதைச் சொன்னான். லொறிக்காரர்கள் சிரித்தார்கள். சில்லறையாக மரக்கறி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். முஹம்மது முதலாளி மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை. தனக்கு ஒரு தடவை நெஞ்சில் சளி கட்டியபோது மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை, ஊசிதான் தூக்கி நிறுத்தியது, எதற்கும் இன்னொரு முறை டொக்டரிடம் காட்டு என்றார். அழகன் அவருக்கும் கரட் மூட்டையைச் சொன்னான். டொக்டர் சொன்னதை முதலாளிக்கே விளங்கப்படுத்துகிற சந்தர்ப்பம் தினமும் வருமா என்ன?

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் வாய்ப்பேச்சோடு நின்றுவிடவில்லை. பெண்சாதியின் காலை அவன் பார்த்ததுபோல அந்த லயத்தில் வேறு எந்தப் புருசனும் பார்த்திருக்க மாட்டான். தினமும் அந்தியில் வெந்நீர் வைத்து, புண்ணைத் துடைத்து, பல்பின் கீழே காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வான். கவரைக் கொட்டி, மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பான். குறைய வேண்டிய கணக்குச் சரியாகக் குறைந்திருக்கும். எல்லாம் போட்டியா என்று கேட்பான். போட்டேன் என்பாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசமாட்டாள். எப்போதுமே அவள் பேசாமல் இருக்கிறவள்தான். வீட்டில் பேசுவதற்கு ஒரு ஆள் போதும்.

முதல் நாள் மழையிலேயே டொக்டர் போட்ட கோடு அழிந்துபோயிருந்தது. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கட்டுகிற படங்குச் சாக்கின் ஓரம் நாள் முழுவதும் அதில் உரசியிருக்கிறது. அழகனுக்கு மனம் கேட்கவில்லை. டொக்டர் போட்ட கோட்டை அழியவிடலாமா? மூட்டைகளுக்கு அடையாளம் போடுகிற கறுப்பு மையைக் கடையிலிருந்து எடுத்துவந்து, சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிக் கை நடுங்காமல் ஒரு கோடு இழுத்தான். மறுநாள் அதுவும் மங்கிப்போனது. மறுபடி போட்டான். அதற்கு மறுநாளும் போட்டான். சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அவனுக்குத் திருப்தி. சிவப்பு எங்கே நிற்கிறதோ அங்கேதானே அவன் கோடு போடுகிறான், எப்படித் தாண்டும்? அந்தக் கேள்வி அவன் புத்தியில் படவே இல்லை. படித்தவர்களும்கூட ஆசையோடு ஒரு காரியத்தைச் செய்யும்போது கேள்வி கேட்பதில்லை.

பக்கத்து வீட்டுக் காளியாயிக்கு மட்டும் கண் உறுத்தியது. அவளும் அம்மாக்கண்ணுவும் ஒரே மலையில் ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவர்கள். காலின் நிறம் மாறுகிறது, ஒரு மாதிரி நீலம் பாய்கிறது என்று அழகனிடம் சொன்னாள். கோட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்றான் அழகன். கோடு முழங்காலுக்கு வந்திருந்தது. காளியாயி இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாக்கண்ணு அவளை ஒரு பார்வை பார்த்தாள். காளியாயி வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அம்மாக்கண்ணு மலையிலேயே விழுந்துவிட்டாள். பல் கிட்டுகிற நடுக்கம். கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து கழற்றுவதற்குக்கூட அவளுக்குக் கை வரவில்லை. பெண்கள் நாலு பேர் படங்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முஹம்மது முதலாளி சேதி கேட்டதும் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அழகனோடு வேனை அனுப்பினார். டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே அம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அழகன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனான். நானுஓயா வருவதற்குள் அவனுக்கும் பேச்சு வற்றிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கில் காலை வெளியே எடுத்தார்கள். லயத்து மங்கல் பல்பில் தெரியாத பழைய கோடுகள் அங்கே ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கணுக்காலுக்கு மேலே ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று, முழங்காலில் ஒன்று. மலையில் தேயிலை நிரைகள் ஏறிப் போவது போல அவள் காலில் அவை ஏறிப் போயிருந்தன. கடைசிக் கோட்டையும் தாண்டிச் சிவப்பு தொடைக்குப் போய்விட்டிருந்தது. யார் இதைப் போட்டது என்று பெரிய டொக்டர் கேட்டார். அழகன் தான்தான் என்றான். அவர் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போட்டாளா என்று மட்டும் கேட்டார்.

அதற்குத்தான் காத்திருந்தவன் போல அழகன் கவரை எடுத்து நீட்டினான். முருகன் மேல் சத்தியமாக ஒரு வேளைகூட விடவில்லை, தானே எண்ணிப் பார்த்தேன் என்றான். பெரிய டொக்டர் மிச்சத்தைப் பார்த்தார், கணக்குச் சரியாக இருந்தது. அப்படியானால் இது அந்த மருந்துக்கு அசையாத கிருமி என்று பக்கத்திலிருந்த சின்ன டொக்டரிடம் சொல்லி, அதைவிடப் பலமான ஊசிகளை எழுதினார். இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றினார்கள், பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்கள். செத்துப்போன சதையை வெட்டி எடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள்.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மாக்கண்ணு கண்ணைத் திறந்தாள். தன் கைகளைப் பார்த்தாள்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு புள்ள. ரெண்டு கையிலயும்."

"கண்டாக்கையாகிட்ட சொல்லிருங்க," என்றாள்.

அழகன் சரி என்றான். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

காலை வெட்டித் திறந்து சுத்தம் செய்து கொண்டுவந்து தீவிர சிகிச்சை அறையில் போட்டார்கள். வாயில் குழாய், மூக்கில் குழாய், கழுத்தில் ஊசி. கட்டிலுக்குக் கீழே கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அவளுடைய உடம்பிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதில் வந்து இறங்கியது. பார்க்க விடுகிற நேரத்தில் அழகன் ஒருவனை மட்டும் உள்ளே விட்டார்கள். அங்கே நிஷாந்தி என்று ஒரு தாதி இருந்தாள். வலப்பனைப் பக்கத்துப் பிள்ளை, தமிழில் பேசுகிறவள். அவள்தான் அவனுக்கு அந்தப் பையைக் காட்டினாள்.

இரத்தத்தில் விஷம் ஏறிச் சிறுநீரகம் நின்றுவிட்டது என்றாள். மருந்து போகிறது, சேலைன் போகிறது, ஆனால் வெளியே எதுவும் வரவில்லை. இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்யப் பார்த்தார்கள், பிரஷர் தாங்காமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"இந்தப் பையில சிறுநீர் விழணும் அண்ணே. விழுந்தா ஒரு வழி இருக்கு," என்றாள். பிறகு என்னவோ யோசித்து, "இவங்க வீட்டுல தண்ணியே குடிக்கிறதில்லையா? வந்தப்பவே உடம்பு அப்பிடிக் காஞ்சு கெடந்திச்சு," என்று கேட்டாள்.

தேத்தண்ணீர் குடிப்பாள் என்றான் அழகன். அவள் தண்ணீர் குடிக்கிறாளா இல்லையா என்று யார் பார்த்தார்கள்?

அன்றிலிருந்து அவனுக்கு வேலை அந்தப் பையைப் பார்ப்பதுதான். உள்ளே விடாத நேரங்களில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாத்திரையைத் திட்டினான். முன்பு கரட் மூட்டை சொன்ன அதே வாய்தான். மாத்திரையும் ஊசியும் ஒன்று என்று சொன்னது பச்சைப் பொய், தோட்டத்து ஆளென்றால் மலிவான மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், யாரும் மாத்திரையை நம்பாதீர்கள் என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தங்கள் ஆட்கள் உள்ளே கிடக்க வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தான். மத்தியானத்தில் காளியாயி வந்தாள். கையில் ஒரு சிலுசிலுப் பை. அவளிடமும் அவன் ஆரம்பித்தான். காளியாயி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அந்த டவுன் டொக்டரைத் திட்டத் தொடங்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, மாத்திரைய ஏசாதீங்க. அவ அதை ஒழுங்காப் போடவே இல்ல."

"நான் எண்ணிப் பாத்தேனே," என்றான் அழகன்.

"காலையில லயத்துல ஒண்ணு போடுவா, ராவைக்கு ஒண்ணு போடுவா. மலையில போட வேண்டிய மத்த ரெண்டு வேளையும் இந்தா இருக்கு."

பைக்குள்ளிருந்து அம்மாக்கண்ணுவின் படங்கை எடுத்தாள். அதன் மூலையில் ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்துக் காட்டினாள். மழையிலும் வேர்வையிலும் ஊறி, கூடு கரைந்து, தூள் பிசுபிசுத்து, எத்தனை மாத்திரை என்று சொல்ல முடியாமல் எல்லாம் ஒரே களியாக ஒட்டிக்கிடந்தது. ஒரு கசப்பு வாடை வந்தது.

அழகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டான்.

"மாத்திர போடணும்னா தண்ணி குடிக்கணும். தண்ணி குடிச்சா ஒதுங்கணும். மலையில பொம்பளைங்க எங்கண்ணே ஒதுங்குறது? காலையில ஒரு வாய்த் தேத்தண்ணியோட போனா, அந்திக்கு எறங்குற வரைக்கும் நாங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். நாக்கு வறண்டா வாய நனைச்சுத் துப்புவோம். மொத நாளு அவ போட்டாண்ணே. டொக்டர் சொன்ன மாதிரி போத்தல் நெறையாத் தண்ணி குடிச்சா. அப்பறம் முடியல. அந்தக் காலோட கீழ லயத்துக்கு எறங்கி, மறுபடி ஏறி வந்தா. நிறுவைக்குப் பிந்திப்போச்சு. எங்க போனேன்னு கண்டாக்கையா எல்லாரு முன்னாலயும் கேக்குறாரு. கங்காணி நிக்கிறான், லொறிக்காரப் பயலுக நிக்கிறானுங்க. அவ என்ன சொல்லுவா? தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. மறுநாள்ல இருந்து போடல. தண்ணி இல்லாம ஒருக்கா முழுங்கிப் பாத்தா, தொண்டையில ஒட்டி வாந்தி வந்திருச்சு."

அழகன் வேலை செய்கிற கடைக்குப் பின்னால் ஒரு மதில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவன் அங்கே போய் நின்றிருப்பான் என்று யாராவது கேட்டால் அவனுக்கே தெரியாது. பேச்சை நிறுத்தாமலே போவான், பேச்சை நிறுத்தாமலே வருவான். தண்ணீர் குடிப்பதும் ஒதுங்குவதும் யோசித்துச் செய்கிற காரியம் என்று இத்தனை வயசுக்கு அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஒரே கூரைக்குக் கீழே ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்கு அது தினமும் பெரும்பாடாக இருந்திருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றான்.

காளியாயி முடிச்சைத் திரும்பக் கட்டினாள். கட்டி முடிக்கும் வரைக்கும் அவனைப் பார்க்கவில்லை.

"நான் சொல்லச் சொன்னேன். அவருகிட்ட சொன்னா நாளைக்கு லிந்துலக் கட முழுக்கச் சிரிப்பாங்கன்னு சொன்னா."

படங்கையும் துணிகளையும் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று காளியாயி போய்விட்டாள். மறுநாள் பெரட்டுக்கு அவள் நிற்க வேண்டும்.

அழகன் எழுந்து போய்த் தாதி நிஷாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னான். தான் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம், அவள் பாதி மாத்திரையைப் போடவில்லை, அதற்கேற்ற மாதிரி மருந்தை மாற்றச் சொல்லுங்கள் என்றான். நிஷாந்தி அவன் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். கிருமிச் சோதனை முடிவு காலையில் வந்துவிட்டது. டவுன் டொக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கே சாகிற கிருமிதான் அது. பெரிய டொக்டரும் அதைப் பார்த்துவிட்டார். இப்போது எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது கிருமியைத்தான் கொல்லும், நின்றுபோனதை ஓடவைக்காது. அவள் சொன்னது அழகனுக்கு நன்றாக விளங்கியது. கரட் மூட்டை லொறியிலும் வரவில்லை, கோச்சியிலும் வரவில்லை. இனிமேல் வந்தும் ஒன்றுமில்லை.

பார்க்க விடுகிற நேரம் வந்தது. உள்ளே போனான். அம்மாக்கண்ணுவின் முகம் ஊதியிருந்தது. இரண்டு கைகளிலும் ஊசி, இரண்டு கைகளிலும் பிளாஸ்டர், எந்தக் கண்டாக்கையா பார்த்தாலும் ஒரு சொல் கேட்கமாட்டார். காலை உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே பை சுருங்கிக் காய்ந்து தொங்கியது. அடுத்த கட்டிலில் திரை போட்டிருந்தது, தாதி அந்தப் பக்கம் போயிருந்தாள்.

அழகன் குனிந்து, அவள் காதருகே வாயைக் கொண்டுபோனான். இப்படி மெதுவாக அவன் அவளோடு பேசியதே இல்லை. மெதுவாகப் பேசத் தெரியாமல் குரல் உடைந்தது.

"அம்மாக்கண்ணு, இங்க யாருமில்ல. யாரும் பாக்கல. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். போ புள்ள."

அவளுடைய கண்ணிமை அசையவில்லை. அவன் பையைப் பார்த்தான். அவளுக்குக் கூச்சமாக இருக்குமென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பிப் பார்த்தான். பை அப்படியேதான் இருந்தது. வெளியே மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது அண்ணே என்று நிஷாந்தி வந்து சொன்னாள். இன்னும் கொஞ்சம், அவள் இன்னும் போகவில்லை என்றான் அழகன்.